மூன்றே முக்கால் ஜிபி

நாளை கடைசி நாள்.
பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள் றுஸ்தா.
பல்கலைக்கழக விண்ணப்பம், பதினாலு பக்கம்.
பிரிண்டர் முதல் தாளைப் பாதி இழுத்து
நாக்கு நீட்டியபடி நின்றுவிட்டது.

இடமில்லை என்கிறது கம்பியூட்டர்.
நாற்பது ஜிபி வளவுக்குள்
ஒரு பாய் விரிக்க மூலை இல்லையாம்.

நிந்தவூர் பிரதான வீதியில் பதினாறு வருஷம்
நானும் அதுவும்தான் கடை.
கல்முனைக்குக் கொண்டுபோனால்
“இதுக்குச் சாமான் வாறல்ல, புதுசு எடுங்க” என்பார்கள்.
எடுக்கிறதுக்கு
இங்கே என்ன இரால் பண்ணையா நடக்கிறது.

தற்காலிகம் என்று பெயர் போட்டதில் தொடங்கினேன்.
எட்டு வருஷமாய்க் குடியிருக்கிற தற்காலிகம்.
துடைத்ததில் நூறு எம்பி கிடைத்தது.
அக்கரைப்பற்று பஸ் கடந்துபோவதற்குள்
அதையும் எதுவோ தின்றுவிட்டது.

அதன் தூக்கத்தைக் கண்டுபிடித்தேன்.
கண்ணயர்கையில் நினைவை எல்லாம் கொட்டிவைக்க
அரை ஜிபியை வளைத்துப் போட்டிருக்கிறது.
என் கடையில் அது ஒருநாளும் தூங்கியதில்லை.
கரண்ட் போனால் செத்துப்போகும்,
வந்தால் எழும்பும்.
அந்தப் பாயைச் சுருட்டி எறிந்தேன்.

மார்ச் பன்னிரண்டு. ஜூன் மூன்று.
ஏதும் பிழைத்தால்
திரும்பிப்போய் நிற்கலாமென்று அது குறித்துவைத்த நாட்கள்.
எத்தனையோ பிழைத்தது.
ஒருமுறையும் நாங்கள் திரும்பிப்போகவில்லை.
எல்லாவற்றையும் அழித்தபின்னும்
பிரிண்டர் இருமியது, ஓடவில்லை.

“ராத்தா, போஸ்ட் ஒஃபிஸ் பூட்டிருவாங்க.”

பெரிதிலிருந்து சிறிதாய் அடுக்கச் சொன்னேன்.
தலைமாட்டில் வந்து படுத்தது:
ஒலுவில் அஜ்வத் கல்யாணம் 2012 பாக்கி 1750.

ஃபோல்டரின் பெயரிலேயே கடனை எழுதியவள் நான்.
காசைத் தந்தால் டிஸ்க்.
அவன் தரவில்லை,
நானும் விடவில்லை,
பன்னிரண்டு வருஷமாய் ஒரு கல்யாணம் அடகில் இருந்தது.

திறந்து பார்க்காமல் இருந்திருக்கலாம்.
சஹனைச் சுற்றி ஆறு கைகள்,
இறைச்சிக்கு ஒரேநேரம் நீண்டு, வெட்கப்பட்டு நிற்கின்றன.
குரவை தொடங்கியதும் படம் சட்டென்று திரும்பி
கூரைத் தகட்டையே பார்க்கிறது.
பெண்களின் முகம் விழக்கூடாதென்று
நான்தான் கமராவைத் திருப்பினேன்.
சத்தம் மட்டும் தகட்டில் பட்டுத் தெறிக்கிறது.

நிச்சயமாகவா என்று கேட்டது.
ஓம்.

இடம் ஒரு சாணும் கூடவில்லை.
குப்பைக்கூடைக்குள்
கல்யாணம் அப்படியே இருந்தது,
அதே எடையோடு.
இரண்டாம் தடவையும் கேட்டது.
றுஸ்தா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
இரண்டாம் ஓம்
கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது.

பிரிண்டர் ஓடியது.
பதின்மூன்றாம் பக்கம் மட்டும் சற்றுச் சரிவு.
“பரவால்ல ராத்தா” என்று
காக்காவின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறந்தாள்.
காசை நாளைக்குத் தருவாளாம்.

மூன்றாவது கிழமை அஜ்வத் வந்தான்.
தாடியில் நரை, கையில் மகள்.
உம்றாவுக்குப் போகிறார்களாம்,
பாஸ்போட் ஃபோட்டோ வேணும்.
பிள்ளைக்கு முன்பல் இரண்டும் இல்லை.
வாயை மூடு என்றால் இன்னும் சிரிக்கிறது.

“பழைய பாக்கி ஒண்டு இரிக்கி ராத்தா.
மறக்கல்ல.
கடனோட மக்கத்துக்குப் போகேலா.”
பணப்பையைத் திறந்துகொண்டே சொன்னான்.

“அதெல்லாம் அழிச்சாச்சு தம்பி.”

வாய்தவறி உண்மையே வந்துவிட்டது.
அவன் பணப்பையை மூடினான்.
கண் கலங்கியது.
“அல்லாஹ் உங்கட தொழில்ல பரக்கத் செய்யட்டும்.”

“என்னத்த வாப்பா அழிச்ச?” என்றது பிள்ளை.
“கடன மகள்.”

நான் மவுஸைப் பிடித்தபடி
ஃபோட்டோவைச் சேமிக்க இடம் பார்த்தேன்.
நிறைய இருந்தது.