முள்

ஏகாம்பரத்தின் லாரிக்கு மூன்று வண்டிகளின் உடம்பு.
எண்பத்தொன்பதாம் வருஷத்துச் சேசிஸ்,
நாமக்கல்லில் கட்டிய பாடி,
மாதனூர் பக்கம் கவிழ்ந்த ஏதோ ஒரு பஸ்ஸின் இஞ்சின்.
பஸ்ஸோடு வந்த மூளைப்பெட்டி
கிளீனர் சீட்டுக்குப் பின்னால்
சாமி படத்துக்குக் கீழே ஸ்க்ரூவில் நிற்கிறது.

ராணிப்பேட்டையில் ஈரத்தோல் ஏற்றி
ஆம்பூருக்குப் போகையில்
பள்ளிகொண்டா டோல் தாண்டி, மேட்டில் நின்றுவிடும்.
தினமும் அல்ல.
தினமும் நின்றால் எனக்கு அரை மணி வேலை.
செவ்வாய் நிற்கும், புதன் போகும்,
வெள்ளி இரண்டு தடவை நிற்கும்.
இறங்கி டயருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினால்
உடனே ஸ்டார்ட் ஆகும்.
எலுமிச்சைக்குத்தான் பேர்.

கோணவட்டத்தில் என் ஷெட்டுக்குள் வந்தாலோ
பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஒரு அடக்கம்.
ஸ்கேனர் மாட்டினேன்.
கிராங்க் சென்சார், சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்றது.
எங்கே, ஏன் என்று கேட்டால்
அதற்கு அவ்வளவுதான் படிப்பு.
புது சென்சார் போட்டேன். நின்றது.
கம்பெனி சென்சார் போட்டேன். இரண்டு வாரம் ஓடி,
டீக்கடையில் நான் பெருமை பேசிய மறுநாள் நின்றது.

நடுவில் துளசியை நிறுத்திவிட்டான்.
டீசலை விற்றுத் தண்ணி கலக்கிறானாம்.
லத்தேரிப் பையன். பாக்கிச் சம்பளமும் வாங்காமல் போனான்.
டேங்க்கைத் திறந்து பார்த்தவன் நான்.
டீசல் சுத்தமாகத்தான் இருந்தது.
சொன்னேன். மெதுவாகச் சொன்னேன்.

மே மாதம், மதியம் இரண்டு மணி,
ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் எடுக்க முடியும்.
காலியான கிளீனர் சீட்டில் உட்கார்ந்தேன்,
மடியில் பழைய முள் மீட்டர்.
நம்பர் காட்டும் மீட்டர் யோசித்துவிட்டுச் சொல்லும்.
முள்ளுக்கு யோசனை கிடையாது.
"இன்னா பாய், இன்னிக்கு ஒன்னியும் ஆவலயே?"
"பேசாம ஓட்டு."

டோல். மேடு.
மூன்றாவது கியர், ஆக்சிலேட்டர் தரையைத் தொட,
முள் விழுந்தது.
வண்டி கியரில் உருள்கிறது,
இஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கிறது,
முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக்கிடக்கிறது.
அப்புறம்தான் இஞ்சின் விக்கியது.
சென்சாரை இரண்டு தடவை மாற்றியாயிற்று.
இனி நடுவழியில்தான் இருக்கிறது.

பானெட்டைத் தூக்கினேன், முகத்தில் அனல்.
பாரம் இழுக்கையில் இந்த இஞ்சின் இடப்பக்கம் சாய்கிறது,
வேறு வண்டிக்கு வெட்டிய ரப்பர்மேல்.
ஒரு விரல் அளவுதான்.
அந்த ஒரு விரலுக்கு வயரில் தொய்வு விடவில்லை, எந்தப் பரதேசியோ.
திட்டிக்கொண்டே டேப்பை உரித்தேன்.

நீல டேப்.
கடைசிச் சுற்று எதிர்ப்பக்கமாக, நுனி உள்ளே மடிந்து.
ஷெட்டுப் பையன்கள் கேலி செய்யும் மடிப்பு.
வேலூரில் வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை.
மூன்று வருஷத்துக்கு முன், பக்ரீதுக்கு முந்தின ராத்திரி,
அவசரத்தில் நீட்டிக் கொடுத்த வயர்.
தோல் முழுசாக இருந்தது.
உள்ளே செம்பு அறுந்து, இரண்டு நுனியும்
தொட்டுக்கொண்டும் விட்டுக்கொண்டும்.

ஏகாம்பரம் எட்டிப் பார்த்தான்.
"யார் வேலை பாய் இது?"
பின்னால் வந்த கன்டெய்னர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தது.
அது முடியும்வரை எனக்கு அவகாசம் இருந்தது.
"என்னுது."
மடித்த லுங்கியை இறக்கிவிட்டு
மறுபடி மடித்துக் கட்டினான்.
"துளசி நம்பர் உங்கிட்ட கீதா?"

நாற்பது நாளாக வண்டி நிற்கவில்லை.
குணமானதா, இன்னும் வரவில்லையா,
எந்த மீட்டரும் சொல்லாது.
மூன்று மணிக்கு, அது மேடு ஏறும் நேரம்,
போனைக் கவிழ்த்து வைக்கிறேன். பிறகு நிமிர்த்துகிறேன்.
ஏகாம்பரம் கிளீனர் சீட்டில்
சாப்பாட்டுக் கேரியரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறான்.
துளசி போனை எடுப்பதில்லை.
சில நாள் மணி போகிறது.
சில நாள் அதுவும் இல்லை.