எடைமேடை ரசீது

பதினோரு மாதமாகக் காஷ்மீருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம்.
இதுவரை போன அதிகபட்சத் தூரம்
பள்ளிகொண்டா டோல்கேட்.

குடியாத்தத்து வீட்டை விற்ற பணத்தில் பாதி இந்த வண்டி.
பழைய மஸ்தா.
மேல்விஷாரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.
தரைத்தகட்டுக்கு அடியில் எங்கோ
ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் மூடி சிக்கியிருக்கிறது,
பள்ளம் வந்தால் கிலுங்கும்.

கன்னியப்பன் இதை வீடாக்கினார்.
முதலில் கட்டில். கட்டிலுக்கடியில் பேட்டரி.
பேட்டரிக்கு இன்வெர்ட்டர்,
இன்வெர்ட்டர் சூடாகிறதென்று அதற்கொரு ஃபேன்.
கூரையில் நாலு சோலார் தகடு,
தகட்டைத் துடைக்க ஏணி,
ஏணியைக் கட்ட இரும்புச் சட்டம்.
ஒன்று வாங்கினால் அது இன்னொன்றைக் கூட்டிவந்தது
கல்யாணத்துக்கு வரும் ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி.

ஆற்றில் நீரில்லை, கோட்டைக்கு ராஜா இல்லை என்று
இல்லாததையே எண்ணிச் சொல்லும் ஊர் எங்களுடையது.
கடைசியில் நானும் சேர்த்தேன்:
சக்கரம் இருந்தும் ஓட்டமில்லாத வீடு.

வைகாசி, செவ்வாய்க்கிழமை.
பொய்கைக்குப் பக்கத்தில் முள் சிவப்பைத் தொட்டது.
பானட்டைத் திறந்தால் இட்லிப் பானை.
சந்தையில் மாடு வாங்கித் திரும்பிய ஒருவர்
நின்று, சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து,
"பல்லப் புடிச்சிப் பாக்காம வாங்கிட்டீங்களா?" என்றார்.
மாடு என்னையே பார்த்தது.

கொணவட்டத்தில் இம்தாதின் ஷெட்.
தெர்மோஸ்டாட் மாற்றியது அவர்தான். வாட்டர் பம்ப்பும்.
ஃபேன் பெல்ட் மூன்று தரம்.
இந்தத் தடவை ஸ்பேனரை எடுக்கவேயில்லை.
கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"வண்டிய என்னிக்காச்சும் எடை போட்டீங்களாம்மா?"

எடைமேடையில் எங்களுக்கு முன்னால்
பேரணாம்பட்டுக்குப் போகும் தோல் லாரி.
உப்பும் நாற்றமுமாக அது இறங்கிப் போனதும்
நாங்கள் ஏறினோம்.
கண்ணாடிக்குள் இருந்த பையன் எண்ணைப் பார்த்தான்,
வண்டியைப் பார்த்தான், மறுபடி எண்ணை.
ஆர்.சி. புத்தகம் சொல்வதைவிட
அறுநூற்று நாற்பது கிலோ அதிகம்.

ரசீதை என் மடியில் வைத்துவிட்டு
அவர் ஸ்டியரிங்கிடம் சொன்னார்:
"கிரானைட்டு தொண்ணூறு இருக்கும்."
பழைய வீட்டுச் சமையல் மேடை. விற்றவர்களிடம் கெஞ்சிப்
பெயர்த்துக்கொண்டு வந்தது. வேண்டாமென்றேன் அப்போதே.
"ரெண்டாவது ஸ்டெப்னி. அந்த வெல்டிங் மிஷின்."
வெல்டிங் மிஷினா?
நான் கேட்கவில்லை. கேட்டால் என் முறை வந்துவிடும்.

வந்துவிட்டது.
கட்டில் பலகையைத் தூக்கிய இம்தாத் விசிலடித்தார்.
இருபது லிட்டர் கேன் எட்டு, வாய்வரை.
டேங்க் தனி.

என்ன செய்ய?
பாலாற்று மணலைப் பார்த்தே வளர்ந்தவள்.
தண்ணீர் இருக்குமென்று எந்த ஊரையும்
நம்பி நான் போனதில்லை.

ஒவ்வொன்றாக இறக்கினோம்.
இரண்டு கேன் ரேடியேட்டருக்கும் ஷெட்டுப் பையன்கள் குளிப்புக்கும்,
மீதி வேப்பமரத்துக்கு.
கிரானைட்டைத் தூக்க ஐந்து பேர்.
இரண்டு ஆயில் டிரம் மேல் வைத்த பத்தாவது நிமிடம்
அதில் நாலு டீ கிளாஸ், ஒரு கார்புரேட்டர்.
கன்னியப்பன் ஓரத்தை ஒருமுறை தடவினார்.
பிறகு, என் கண்ணைப் பார்க்காமல்,
"எடதான் கொறஞ்சிடுச்சே, கூரையில ஒரு சின்ன ஏசி..."

சாவியை வாங்கிக்கொண்டு நான் ஓட்டினேன்.

டோல்கேட் தடுப்பு எழுந்தது.
முள் பாதியில் நின்றது, அசையவில்லை.
ஜாமெட்ரி மூடி கிலுங்கியது. அதோடு
இன்னொரு சத்தமும், பொக்கு பொக்கென்று.
"என்ன அது?" என்றார்.
"புது சஸ்பென்ஷன்," என்றேன்.

காலி கேன்கள். எட்டும்.
ஆம்பூரில் நிரப்பிக்கொள்வேன்.