இரண்டு கணுக்கள், ஒரே புள்ளியில்

நவம்பர். மூன்று மணிக்கே இருட்டிவிடும் பின்லாந்து.
ஊராட்சி அலுவலகத்தின் கடைசி அறையில்
ஹெல்கா ஒரு கோட்டைத் துரத்திக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி பிறந்தால் ஹிர்விலம்பியும் குயோஹுவும் ஒரே ஊர்.
பெயர் இன்னும் முடிவாகவில்லை.
நிறம் முடிவாகிவிட்டது: காட்டுப்பழச் சிவப்பு.
அதற்கு ஏழு கூட்டங்கள்,
எத்தனையோ குடுவைக் காபி.

ஆளுக்கொரு வரைபடம் அனுப்பியிருந்தார்கள்.
ஸ்கேன் செய்து, பேனாக் கருவியால்
ஓரம் பிடித்தே போனாள்,
சொடுக்கி, இழுத்து, வளைத்து,
சதுப்பைச் சுற்றி, மரமறுக்கும் ஆலையின் முதுகை உரசி,
ஆற்றோடு இறங்கி.

நடுவில் ஓடுவது ஒரே ஆறு.
ஒன்றின்மேல் ஒன்று வைத்தால்
இடையில் ஒரு மயிரிழை வெள்ளை.
பெரிதாக்கினால் மயிர் கயிறாகிறது,
கயிறு தெருவாகிறது,
தெருவின் நட்டநடுவில் க்யோஸ்தியின் சவுனா.

அவரே தொலைபேசியில் கேட்டார்,
"என் சவுனா எந்தப் பக்கம்?
இருபத்தாறு வருஷம் இவர்களுக்கு வரி கட்டினேன்.
மீன் கடித்தது என்னவோ அவர்கள் பக்கம்தான்."
பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

முதலில் நிறம் ஏற வேண்டுமே.
வாளியைக் கவிழ்த்தாள்.
*எல்லை மூடப்படவில்லை.*
மறுபடி கவிழ்த்தாள்.
*எல்லை மூடப்படவில்லை.*

ஒரு மணி நேரம் கோட்டின் மேல் ஊர்ந்தாள்,
ஓட்டை வாளியின் அடியைத் தடவுகிற மாதிரி.
வடக்கே, சதுப்பின் மூலையில்,
ஏற்கெனவே நான்கு முறை தாண்டிப்போன ஒரு கணு.
சலிப்பில் சும்மா இழுத்துப் பார்த்தாள்.
அடியில் இன்னொன்று இருந்தது.

இவ்வளவு நாளும்
ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.
தொட்டுக்கொண்டிருந்தன என்றுகூடச் சொல்லலாம்.
இணைந்திருக்கவில்லை.

இலக்கணம் படித்தவருக்குத் தெரியும்,
இரண்டு சொல் புணரும் இடத்தில்
ஏதோ தோன்றும், இல்லை திரியும், இல்லை கெடும்.
மெனுவிலும் அதே மூன்றுதான்:
புதுத் துண்டு போட்டு இணை,
நடுவே நகர்த்தி இணை,
ஒன்றை அழி.
எதுவும் மாறாமல் சேர்வதற்கு
நன்னூலில் இடமுண்டு;
இங்கே பொத்தான் இல்லை.

நகர்த்தி இணைத்தாள்.
இரண்டும் பாதிப் பாதி விட்டுக்கொடுத்தன.
திரையில் அது ஒரு கண்சிமிட்டல்.
தரையில் நாற்பது மீட்டர் சதுப்பு,
பஞ்சுப் புல்,
நாரை கைவிட்டுப்போன ஒரு கூடு.

சிவப்பு பாய்ந்தது.
பாய்ந்த வேகத்தில் பதினான்கு ஏரிகளையும் குடித்துவிட்டது.
பிறகு ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க வேண்டியிருந்தது,
ஏரிக்குள் தீவு, தீவுக்குள் குட்டை,
குட்டைக்கும் ஒரு வளையம்,
அதற்கும் ஒரு கடைசிக் கணு.

ஆறு மணிக்கு மிஞ்சியது அந்த மயிரிழை மட்டும்.
கோட்டைக் கொஞ்சம் தடித்தால் மறைந்துவிடும்.
விரல் போய்விட்டது.
அப்போதுதான் கவனித்தாள்,
தப்பாக வரையவில்லை யாரும்.
அவரவர் தத்தம் கரையை வரைந்திருக்கிறார்கள்.
மிச்சம்தான் ஆறு.

அந்த வெள்ளையை வெட்டி, இரு முனையும் மூடி,
நீலம் ஊற்றினாள்.

"நடுவில்" என்றாள் தொலைபேசியில்.
"நடுவில் என்றால்?"
"தண்ணீரில்."
மறுமுனையில் விறகு வெடிக்கும் சத்தம்.
யோசிக்கிறார்.

"அப்படியானால்" என்றார் க்யோஸ்தி,
"வரி?"