நாலாம் மூலம்

சார்னியா. பெப்ரவரி. ஆறு பாதி உறைந்து
பாதி ஓடுகிறது.
ஆலைப் புகைக்கூண்டின் தீ
இரவு முழுக்க முகிலைச் சிவப்பாக்குகிறது.
என் முன்னால் முப்பது பாகை நீர்த்தொட்டி,
அதில் மூழ்கிய கண்ணாடிக் குமிழ்,
குமிழின் தலையில் மயிர்க்குழாய்,
குழாயில் ஒரு கோடு.

ஐசோப்பிரீன் சங்கிலியாகும்போது சுருங்கும்.
கைகோத்தவர்களுக்கு இடம் குறைவாகத்தான் வேண்டும்.
ஆகவே கோடு இறங்கும்.
பத்து நிமிடத்துக்கொருக்கால் அதைப் பார்த்து
எழுதுவதுதான் வேலை.

பாதி தீரத் தொண்ணூறு நிமிடம்.
மிச்சத்தில் பாதி தீர
மறுபடி தொண்ணூறு.
அதிலும் பாதிக்கு, தேத்தண்ணி ஆறிப்போன பிறகும்,
அதே தொண்ணூறு.

இதற்குள் ஈரம் போகக்கூடாது.
என் மூச்சுப் பட்டாலே போதும், எல்லாம் செத்துவிடும்.
லோர்ன் சுடரில் உருக்கி மூடிய கழுத்துகளுக்குள்
காற்றே இல்லாத ஒரு நாடு.
அங்கே பியூட்டைல் லிதியம் ஒவ்வொன்றும்
ஒரு சங்கிலியைத் தொடங்கும்.
முடிக்க ஆளில்லை.
உணவு தீர்ந்தாலும் நுனிகள்
வெளிறிய மஞ்சளாய் விழித்திருக்கும்.

பதினாறு மடங்கு லிதியம் இட்டேன்.
பதினாறு மடங்கு வேகத்துக்கு
வரைபுத் தாளை உயரமாக ஒட்டி வைத்தேன்.
வந்தது இரண்டு மடங்கு.

கசிவு என்றேன்.
லோர்ன் எனக்கு முதுகைக் காட்டி
மூன்று நாள் கண்ணாடி ஊதினான்.
புதுக் குமிழ், புது முத்திரை, புது வெற்றிடம்.
இரண்டு மடங்கு.
நாலாம் நாள் ஒரு பெட்டி டோனட்டுடன் போய்
அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.
தேன் பூசியதை மட்டும் எடுத்துக்கொண்டான்.

பதினாறின் நாலாம் மூலம் இரண்டு.
பள்ளிக்கூடக் கணக்கு.
நுனிகள் நாலு நாலாய் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன;
கழன்றது மட்டும் வளர்கிறது.

எண்பத்தேழில் லண்டன் வீதி அடுக்குமாடியில்
நாங்கள் நாலு பேர்,
ஒரே ஒரு குளிரங்கி.
அதைப் போட்டவன் வேலை தேடப் போவான்,
மற்ற மூன்று பேரும் ஹீட்டரைச் சுற்றி
இலங்கைச் செய்தியும் ஒரு போர்வையும்.

இதைக் குறிப்பேட்டில் எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.
உவமை பிழை.
நாலில் ஒன்று வெளியே நிற்பதில்லை அங்கே.
ஆயிரத்தில் ஒன்றோ, லட்சத்தில் ஒன்றோ,
எண்ண என் கருவிக்குக் கண்ணில்லை.
ஒன்று கழன்று, ஒரு ஐசோப்பிரீனைப் பிடித்து,
வந்து ஒட்டிக்கொள்ளும்;
அடுத்த முறை கழல்வது வேறொன்று.
எந்தச் சங்கிலியும் பின்தங்காமல்
எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம்.
எங்களில் அப்படி நடக்கவில்லை.

பதினொரு நாள் கழித்து
அதே குமிழுக்குப் புது ஐசோப்பிரீன் விட்டேன்.
கோடு கொஞ்ச நேரம் யோசித்ததுபோல் நின்றது
(வெப்பநிலை சமப்படும் நேரம் அது),
பிறகு இறங்கியது.
தொண்ணூறு நிமிடம்.

இன்னொரு குமிழில்
டெட்ராஹைட்ரோஃபியூரன் கொஞ்சம் சேர்த்தேன்.
அது நாலையும் பிரித்துவிடும்.
கோடு விழுந்த விழுகையில்
என்னால் எழுதக்கூட முடியவில்லை.
வேகம், அப்படியொரு வேகம்.
ஆனால் நேராய்க் கோக்க வேண்டிய கண்ணிகள்
பக்கவாட்டில் கிளைவிட்டன.
அந்த ரப்பரை இழுத்துப் பார்த்த லோர்ன்
ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தான்.

வின்னிப்பெக்கில் வேலை கிடைத்துப் போனபோது
அங்கியைச் சிவகடாட்சம் கொண்டுபோனான்.
அந்தக் கிழமையே மற்ற மூவரும்
ஆளுக்கொன்று வாங்கினோம்.
எனது கறுப்பு. இரண்டு அளவு பெரிசு.

மணி நாலே கால்.
மெதனோல் குப்பி தயாராய்த் தொங்குகிறது.
முத்திரையை உடைத்தால்
மஞ்சள் ஒரு நொடியில் போய்விடும்,
விதிப்படி உடைக்கவும் வேண்டும்.
கடைசி அளவீட்டை எழுதினேன்.
இன்னும் பத்து நிமிடம் என்று
கீழே இன்னொரு வரி கீறினேன்.