நூற்றிருபது ரூபாய்

துணை சுகாதார நிலையம் ஒழுகியதால்
தாண்டிக்குடியில் ஒரு காபிக் கிடங்கில் நடந்தது பயிற்சி.
மூட்டைகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்தேன்.
பதினொரு பேர்.
மூங்கில்பள்ளத்துக்காரிகள் இருவரும் விடியுமுன்னே நடந்து வந்தவர்கள்.

ரப்பர் பொம்மையை வெளியே எடுத்ததும்
முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள்.
துணியில் தைத்த நஞ்சு, சிவப்புக் கம்பளியில் கொடி.
"ஒங்க ஊர்ல இம்புட்டுச் சுத்தமாவா வருது?" என்றாள் ஓவம்மா.

கையுறை மாட்டிய வீரக்காள்
விரல்களை விரித்தாள், மடக்கினாள்.
"இதுக்குள்ள என் வெரலுக்குக் கண்ணு தெரியல."
ஏன் மாட்டவேண்டும் என்று சொன்னேன்.
இரண்டாம் முறை சொன்னபோது
என் குரலில் பிரம்பு இருந்தது.
அவள் கழற்றவில்லை.

பதிவேட்டில் இரண்டு கட்டங்கள்:
பார்த்த பிரசவம். இறப்பு.
முதல் கட்டத்துக்கு விரல் மடக்கி எண்ணினார்கள்.
அடுத்ததற்கு வீரக்காள் பெயர் சொன்னாள்.
"செவந்தி. எங்கொழுந்தன் பொண்டாட்டி.
காலு வீங்குச்சு, குளுருன்னு நெனச்சோம்.
அப்புறம் இழுக்க ஆரம்பிச்சுது.
டோலி கட்டி எறக்குனோம்,
ஜீப்பு நிக்கிற எடத்துக்கே போய்ச் சேரல."
கட்டம் சிறியது.
ஒன்று என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆபத்து அறிகுறிகள்.
தலைவலி, கண் மங்கல், கால் வீக்கம்
என்று சுவரில் படங்களை ஒட்டினேன்.
வரைந்தவர் யாரோ, காலை யானைக்காலாக்கியிருந்தார்.
எனக்கு ஏழு மாதம்.
மலைப் பேருந்தில் நின்றே வருவதால்
செருப்பு இறுக்குகிறது என்றிருந்தேன்.

நாலு மணிக்குப் பயணப்படி, ஆளுக்கு நூற்றிருபது.
மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன்.
வீரக்காள் பெருவிரலை மையில் அழுத்தி
தாளில் அழுத்தி
துடைக்கத் துணி தேடிக் குனிந்தவள்
அப்படியே நின்றாள்.
என்னைக் கேட்கவில்லை.
முன்னங்காலில், எலும்பின் மேல்
அந்த விரலை வைத்து
பத்து எண்ணும் நேரம் அழுத்தினாள்.
எடுத்தாள்.

குழி.
அதனுள்ளே நீலச் சுழிகள்.
பதினொரு தலைகள் குனிந்தன.
நிரம்பவில்லை குழி.

"நேத்துத் தலவலியா?"
பொம்மையை மடித்துப் பையில் வைத்தேன்.
ஜிப்பை இழுத்தேன்.
"முந்தாநாள்லேர்ந்து."

ஆரஞ்சு ஏற்ற வந்த வண்டியை
ஓவம்மா நடுரோட்டில் நின்று மறித்தாள்.
ரத்த அழுத்தக் கருவி என் பையில்தான் இருந்தது.
மூன்று நாளும் அதைக் கட்டாத கை
என்னுடையது மட்டும்.
முதல் வளைவில் கட்டிப் பார்த்தேன்.
எண்ணை அவளிடம் சொன்னேன்.
அவள் டிரைவரிடம், "வெரசா, ஆனா குலுங்காம" என்றாள்.

வத்தலக்குண்டு விளக்குகள் பனிக்குக் கீழே
தெரிந்தன, மறைந்தன.
கூடைகளுக்கு நடுவே என் காலை மடியில் தூக்கி வைத்திருந்தாள்.
அவள் இடுப்புச் செருகலில்
நூற்றிருபது ரூபாயோடு
பிரிக்காத ஒரு ஜோடி கையுறை.