நடுவுக்கு வராத சக்கரம்

மேலப்பாளையத்தில் காஜா பாய்
கீபோர்டைக் கவிழ்த்துக் கழற்றிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்.
பிட்ச் வீலில் ஸ்பிரிங் செத்துப்போச்சு.
"தள்ளுனா போவும், தானா வராது.
நீருதான் கொண்டாந்து நடுவுல வைக்கணும்."
புது வீலுக்கு ஒரு விலை சொன்னார்.
நாற்பது ரூபாய்க்கு அடாப்டர் வயரை மட்டும் பற்றவைத்து
பஸ் ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்து இடது கட்டைவிரலுக்கு ஓய்வில்லை.
ஒரு சுரத்தை வளைத்தால்
அதைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும்,
குடித்தவனைக் கைத்தாங்கலாய்க் கூட்டிப்போவது போல.
கொஞ்சம் அசந்தால்
அடுத்த பாட்டும் கோணலாய்த் தொடங்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கோயில் எனக்குச் சமாதானபுரத்தில்.
சபையார் தொண்டைக்கு ட்ரான்ஸ்போஸில் இரண்டு இறக்கம்,
ஆர்கன் ஒலி, ஆமென்னுக்குப் பெடல்.
வேறெதையும் தொட அவசியம் வராது.

வெள்ளிக்கிழமைக் கோயில் திடீரென்று வந்தது.
மூலைக்கரைப்பட்டி தாண்டி இசக்கியம்மன் கொடை.
வில்லுப்பாட்டு ஆர்மோனியக்காரருக்கு மஞ்சள்காமாலை.
சேகரத்தில் யாரிடமும் சொல்லாமல்
பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு போனேன்.

கனகமணி அக்கா வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து
வீசுகோலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.
எத்தனை கட்டை என்றேன்.
"கட்டையெல்லாம் எனக்குத் தெரியாது, குடத்தைக் கேளு."
பிச்சைக்கண்ணு அண்ணன் குடத்தைத் தட்டினார்.
ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்
எங்கேயோ விழுந்தது அது.
ட்ரான்ஸ்போஸ் பொத்தான் அரை அரைக் கட்டையாகத்தான் ஏறும்,
இடையில் நிற்க அதற்குத் தெரியாது.
நுணுக்கமாய்ச் சுருதி மாற்ற ஒரு மெனு உண்டு.
பாதித் திரை அணைந்த என் பெட்டியில்
அது எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று
கர்த்தருக்கே வெளிச்சம்.

ஐந்தில் வைத்தேன்.
சக்கரத்தை நகக்கண் அளவு மேலே தள்ளி
விரலை எடுத்தேன்.
நின்றது.
நல்ல ஸ்பிரிங் இருந்திருந்தால்
அந்நேரமே ஓடிப்போய் நடுவில் ஒளிந்திருக்கும்.
குடமும் பெட்டியும் ஒரே தொண்டை ஆயின.
"ஆட்டாதடே, அப்படியே இருக்கட்டும்" என்று
அண்ணன் தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு
சக்கரத்தின் பல்லில் ஒரு பொட்டு வைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு மேல்
உடுக்கையைத் தீயில் காட்டினார்கள்.
அக்கா குரல் ஒரு மயிரிழை ஏறியது,
பொட்டும் கூடவே ஏறியது.
குரவை கிளம்பிற்று.
கோமரத்தாடி எழுந்தார்.

பக்கத்துச் சக்கரம் மாடுலேஷன்.
அதை ஏற்றினால் ஒலி நடுங்கும்,
கல்யாணக் கச்சேரிகளில் அழுகைக்கு அதுதான் எனக்குக் கண்ணீர்.
பழக்கத்தில் பாதிவரை ஏற்றிவிட்டேன்.
எதிரே அவர் முழங்கால் நடுங்கியது.
கையிலிருந்த பூம்பாளை நடுங்கியது.
அந்த நடுக்கத்துக்குச் சக்கரம் இல்லை.
எனக்கு வெட்கமாகிவிட்டது, இறக்கினேன்.
நேரான ஒரே சுரத்தை அழுத்தி
பெடலை மிதித்துக்கொண்டு
ஜெனரேட்டர் இருமும்வரை
அப்படியே இருந்தேன்.

சனிக்கிழமை முழுக்கத் தூக்கம்.

ஞாயிறு ஏழரை மணி ஆராதனை.
போர்வையை உருவினேன், முதல் பாமாலை வாசித்தேன்.
இரண்டாம் அடியில்தான் காதில் உறைத்தது:
வெள்ளிக்கிழமை ஏறின மிச்சச் சுருதி
இறங்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.
சபை அதைப் பிடித்துக்கொண்டு பாடிற்று.
எப்போதும் பெட்டிக்கு மேலேயே மிதக்கும்
ரூபி டீச்சர் குரல்
அன்றைக்கு வந்து சரியாய்ப் பொருந்திற்று.
"இன்னைக்குத்தான்யா நீ ஒழுங்கா வாசிக்க" என்று
பாட்டுப்புத்தகத்துக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

இரண்டாம் பாட்டுக்கு முன்
நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாமா என்று
சக்கரத்தில் கட்டைவிரலை வைத்தேன்.
சிவப்பு ஒட்டிக்கொண்டது.
போட்டிருந்ததோ வெள்ளைச் சட்டை.
ஐயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்,
ஆரம்பி என்று.