வியாழக்கிழமை விலை

கஸ்தூரியார் வீதியில் எங்கள் கடைக்கு
விலை எழுதுகிறவள் நான்.
கறுப்புப் பேனையால் ஒருமுறை.
தீபாவளி முடிந்து மூன்றாம் நாள்
அதன்மேல் கோடிழுத்து
சிவப்புப் பேனையால் இன்னொருமுறை.
இடையில் துணி மெலிவதுமில்லை,
சாயம் போவதுமில்லை.
நூற்றுக்கு நாற்பது மட்டும் போய்விடும்.

இது தெரிந்தபிறகு
முழு விலைக்கு உடுப்பெடுக்க மனம் வரவில்லை.
ஐந்து வருசமாய் என் வீட்டுக்குத்
தீபாவளி மூன்று நாள் பிந்தித்தான் வரும்.
சின்னவளாய் இருந்தபோது
கலண்டரில் பிழை என்று சொல்லிச் சாம்பவியைச் சமாளித்தேன்.
போன வருசம் அவளுக்கு எட்டு.
பழைய மஞ்சள் சட்டையைத் தானே ஸ்திரிக்கை போட்டு
உடுத்துக்கொண்டு
மத்தியானம் மட்டும் படலைக்கு வெளியே போகவில்லை.
நான் கவனிக்காத மாதிரி
வடைக்கு உழுந்து அரைத்தேன்.

மிச்சம் பிடித்தது எங்கே என்று கேட்டால்
கணக்கு இருக்கிறது என்னிடம்:
கூரைக்கு இரண்டு சீற்று,
பிந்தாமல் கட்டிய சீட்டுக் காசு,
அவளின் மூக்குக்கண்ணாடி.
கண்ணாடி போட்டபிறகுதான்
கலண்டர் அவளுக்கு வடிவாய்த் தெரிந்தது.

இந்த முறை ஒரு சட்டை வந்தது.
கத்தரிப்பூ நிறம், இடுப்பைச் சுற்றிச் சின்ன மணிகள்.
நாலாயிரத்து எண்ணூறு என்று நானே எழுதினேன்.
வியாழன் மட்டும் அது நிற்காது.
ஒருவரும் பார்க்காத நேரம்
சாரக் கட்டுகளுக்கு அடியில் மடித்து வைத்தேன்.

ஞாயிறு இரவு ஒன்பதரை.
மழை. வாசலெல்லாம் சேறும் செருப்பும்.
புருசனுக்குச் சாரம் கேட்டு வந்தவள்
"நீங்கள் விடுங்கோ, நான் பார்க்கிறன்" என்று
அடிக்கட்டைக் கிளப்ப
கத்தரிப்பூ வெளியே வந்து விழுந்தது.

விலையை அவளே வாசித்தாள்.
கையிலிருந்த சாரத்தைத் திருப்பி வைத்தாள்.
கைப்பையைத் திறந்து, மூடி, திறந்து
ஈர நோட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.

முதலாளி காசு மேசையில்.
நான் குனிந்து சொன்னேன்:
"அக்கா, வியாழக்கிழமை வாங்கோ.
இரண்டாயிரத்து எண்ணூற்றி எண்பதுக்கு எடுக்கலாம்."
இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.
அவளுக்கு இரங்கினேனா,
என் சட்டையைக் காப்பாற்றப் பார்த்தேனா,
இன்னும் பிடிபடவில்லை.

எண்ணுவதை நிறுத்தாமலே சொன்னாள்:
"வியாழக்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம், பிள்ளை."

கடைசி நூறு இருபதுகளாய் வந்தது.
சாரம் எடுக்கவில்லை.
பையை நெஞ்சோடு அணைத்தபடி
புத்தூர் பஸ்ஸுக்கு மழையில் ஓடினாள்.

கடை பூட்டும் நேரம்
கொழுவியில் மிஞ்சி நின்றது
வெள்ளையில் பச்சைக் கோடு போட்ட ஒன்று,
ஒரு அளவு பெரிது.
இரண்டாயிரத்து இருநூறு.
வியாழன் அதற்கு ஆயிரத்து முந்நூற்றி இருபது.
எண்ணூற்றி எண்பது ரூபாய் என் கையில் கிடந்து துடித்தது.

"இதைச் சம்பளத்தில் கழியுங்கோ."
முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"வியாழன் மட்டும் பொறுக்கேலாதோ?"
எனக்குக் காது சுட்டது.
ஐந்து வருசமாய்
அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

வீட்டில் அவள் நித்திரை.
மஞ்சள் சட்டை ஸ்திரிக்கை போட்டபடி
ஆணியில் தொங்கியது.
அதன்மேல் புதியதை மாட்டினேன்.
அட்டையைக் கிள்ளி எடுக்கப் போன கையை
எடுத்துக்கொண்டேன்.
கறுப்பு எழுத்து. குறுக்கே கோடில்லை.
விடியக் கண்ணாடியைப் போட்டதும்
அதையும் வாசிப்பாள்.